வெல்டிங் பேண்ட்டில் ஒரு பூ

வெளிப்பக்கத் தையலைத்தான் பிரிக்க வேண்டும், உள்பக்கத்தைத் தொடவே கூடாது. ஜீன்ஸ் பேண்ட்டில் உள்தொடைப் பக்கம் மடித்து அடைத்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள், அதைப் பிரித்துவிட்டால் திரும்ப அதே மாதிரி நம் வீட்டு மிஷினில் வராது. வெளிப்பக்கம் ஒற்றைத் தையல்தான், பிளேடை வைத்து ரெண்டு நூலை அறுத்து இழுத்தால் சரசரவென்று வந்துவிடும், காலே பாய் மாதிரி விரிந்துகொள்ளும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் ஒட்டுப் போடலாம். இது தெரியாமல்தான் முதல் தடவை குழாயாக இருக்கும்போதே காலை மிஷினுக்குள் திணித்து, முட்டியில் ஒட்டுப் போடுகிறேன் என்று முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். காலையில் அவர் அவசர அவசரமாகக் காலை விட்டார், கால் முட்டியோடு நின்றுபோய்விட்டது, ஒற்றைக்காலில் கொக்கு மாதிரித் தத்திப் போய் பீரோவைப் பிடித்துக்கொண்டு, "ஏம் பிள்ளை, வேலைக்குப் போக வேண்டாம்னா வாயில சொல்லு, எதுக்கு இப்படி மூட்டை கட்டற" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது. இத்தனைக்கும் நான் கல்யாணத்துக்கு முந்தி திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆனால் அங்கே என் கைக்கு வருகிறபோது எல்லாமே தட்டையாக இருக்கும், நான் ஒரு பக்கம் மூட்டித் தள்ளுவேன், அடுத்த டேபிள்காரி இன்னொரு பக்கம் மூட்டுவாள், முழுச் சட்டையாக அது எப்போது ஆனது என்று நான் பார்த்ததே கிடையாது. கழுத்து ஒருத்தி, கை ஒருத்தி. இப்போது ஒரு பேண்ட் முழுசாக மடியில் கிடக்கிறது, இடுப்பு, பாக்கெட், ஜிப்பு எல்லாத்தோடும், ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி.

ஆள்தான், சந்தேகமென்ன. உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும் இது என் வீட்டுக்காரர் மருதாசலத்தின் பேண்ட் என்று. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைக்கிற ஆள், தொடையிலும் மடியிலும்தான் பொறி விழுகிறது. ஓட்டை பெரிய ஓட்டையெல்லாம் இல்லை, கடுகளவு, மிளகளவு, ஓரம் கருகி, நடுவில் தோல் தெரிகிற மாதிரி. அம்மை போட்ட மாதிரி. துவைக்கத் துவைக்க கடுகு மிளகாகும், மிளகு சுண்டைக்காயாகும், அப்புறம் பக்கத்துப் பக்கத்து ஓட்டையெல்லாம் சேர்ந்துகொண்டு கிழிசலாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப் போட்டால் பேண்ட் பிச்சைக்காரன் பை மாதிரி ஆகிவிடும் என்றுதான் நேற்று எனக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டை எங்கே கூட்டமாக இருக்கிறதோ அங்கே ஒரே ஒரு பெரிய ஒட்டு, அதையும் பூவாக வெட்டி வைத்துவிட்டால் என்ன. சிவப்பாக, மெத்தென்று ஒரு துணி, பக்கத்து வீட்டு ஜெயக்கொடியக்கா கொண்டுவந்து கொடுத்த கட்டிங் வேஸ்ட் மூட்டையில் இருந்தது. அஞ்சு இதழ் வெட்டி வைத்து, மிஷின் பாதத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, கையாலேயே முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஓரமெல்லாம் நெருக்கத் தையல், நடுவில் மஞ்சள் நூலில் சுற்றிச் சுற்றி ஒரு மகரந்தம். தூரத்திலிருந்து பார்த்தால் துணி வைத்ததே தெரியாது, பேண்ட்டிலேயே பூத்த மாதிரி. காலையில் போட்டுக்கொண்டு நின்றார். தன்ஷிகா எழுந்து கண்ணைக்கூடத் துடைக்காமல் "அப்பா பூ, அப்பா பூ" என்று தொடையிலேயே முத்தம் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்குது மகுடு" என்றார். மகுடேஸ்வரி என்கிற என் பேரை முழுசாக அவர் கூப்பிட்டதே தாலி கட்டுகிறபோது ஐயர் சொல்லச் சொன்ன அந்த ஒரு தடவைதான். நல்லாத்தான் இருக்குது என்றால் அது அவருக்குப் பெரிய பேச்சு. அந்த ஒரு பேச்சில்தான் சமைத்து முடித்த கையோடு இந்த ரெண்டாவது பேண்ட்டை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தேன், தன்ஷிகாவும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள், மிஷின் ஓடுகிற வரைக்கும் தூங்குவாள், நின்றால் எழுந்துகொள்வாள், வயிற்றில் இருந்தபோதே கேட்ட சத்தமாயிற்றே.

அந்தச் சிவப்புத் துணியிலேயே மீதி இருந்தது, சுருங்கிக் கிடந்தது, வெட்டுவதற்கு முன்னால் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம் என்று அயர்ன் பாக்ஸை வைத்தேன். வைத்த வேகத்தில் துணி பிடித்துக்கொண்டது. முதலில் ஈரம் என்று நினைத்தேன். தூக்கினால் கூடவே வருகிறது. அப்புறம் அந்த வாசம், பிளாஸ்டிக் குடம் அடுப்போரம் இருந்து நெளிகிறபோது வருமே அது. இழுத்தேன், பிசின் மாதிரி நூல் நூலாக நீண்டு வந்தது, அயர்ன் பாக்ஸ் அடியில் சிவப்பாக ஒரு திட்டு. காட்டன் சூட்டில் வைத்திருந்தேன். காட்டன் என்றுதானே நினைத்தேன். கை காட்டன் என்றுதான் சொன்னது, அவ்வளவு மெத்தென்று இருந்தது. எங்கள் கம்பெனியில் காட்டன் பனியன்தான் ஓடும், அதனால் மெத்தென்று இருந்தால் காட்டன் என்பது கைக்குப் பழக்கம், இப்போது ஜெயக்கொடியக்கா கம்பெனியில் விளையாட்டு டீசர்ட் ஓடுகிறது, அதில் வருகிற பாலியஸ்டரை எப்படியோ தேய்த்துத் தேய்த்துக் குழந்தை கன்னம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு நூல் உருவித் தீக்குச்சியில் காட்ட வேண்டும், காட்டன் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகிவிடும், பாலி என்றால் உருகி மணியாக நிற்கும். இது எந்தக் கைமடிக்காரப் பிள்ளைக்கும் தெரியும், டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக்கூட. சந்தேகம் வந்தால்தானே. எனக்கு வரவில்லையே. பாழாய்ப்போன அயர்ன் பாக்ஸைச் சுரண்ட வேண்டும், கத்தி வைத்தால் கீறும், சூடாக இருக்கும்போதே உப்பைப் போட்டுக் காகிதத்தில் தேய்த்தால் போய்விடும், உப்பு எங்கே, என்று எழுந்து அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியில் கையை விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உப்புக்குள்ளேயே கை நின்றுவிட்டது. இந்தத் துணிதானே அவர் தொடையில் இருக்கிறது.

ஜீன்ஸ் துணியில் பொறி விழுந்தால் ஒரு பொட்டு கருகும், அவ்வளவுதான், பொறி அவிந்துவிடும், தோலுக்குச் சுருக்கென்று இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று. இது அப்படி இல்லையே. இது உருகும். உருகினது ஒட்டும். ஒட்டினது தட்டினால் போகாது. எங்கள் அப்பா தோட்டத்தில் நைலான் கயிறு அறுத்தால் முனை பிரியாமல் இருக்க விளக்கில் காட்டித் திருகுவார், ஒருநாள் நான் பக்கத்தில் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, ஒரே ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. உதறுகிறேன், போகவில்லை. தண்ணீரில் முக்குகிறேன், அங்கேயே கல் மாதிரி ஆகிவிட்டது. பிய்த்தபோது தோலோடுதான் வந்தது. சொட்டுதான் அது, அரிசி அளவு. நான் வைத்த பூ உள்ளங்கை அகலம். அதுவும் வைத்த இடம், ஐயோ, இடமும் அப்படிப்பட்ட இடம், இடது தொடையில் நல்ல மேலே, ஜிப்பிலிருந்து ஒரு சாண்கூட இருக்காது. அங்கேதான் ஓட்டை அதிகம் என்றுதானே அங்கே வைத்தேன். ஓட்டை அதிகம் என்றால் பொறி அங்கேதான் அதிகம் விழுகிறது என்று அர்த்தம். பொறி எங்கே அதிகம் விழுகிறதோ அந்த இடமாகப் பார்த்து, உருகுகிற துணியை, நெருக்கத் தையல் போட்டு, நகராமல் பதித்து அனுப்பியிருக்கிறேன். பிள்ளை முத்தம் வேறு கொடுத்தாள் அதுக்கு.

போன் அடித்தேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார், தெரியும், போனைச் சோத்துப் போசி, அந்தத் தூக்குச் சட்டி வைக்கிற பையில்தான் போட்டு வைப்பார், பாக்கெட்டில் வைத்தால் பொறி பட்டு டிஸ்பிளே புள்ளி புள்ளியாகிவிடுகிறது என்று. போனுக்குப் பயப்படத் தெரிகிறது. பட்டறைக்காரர் குப்புராஜ் அண்ணன் நம்பருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப், எங்கேயாவது அளவெடுக்கப் போயிருப்பார். போய்விடலாமா. பல்லடம் ரோட்டில் இருக்கிறது பட்டறை, ரெண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில் போய்ச் சேருவதற்குள் அவர் வேலை முடித்து வேறு பஸ்ஸில் எதிரே வந்துகொண்டிருப்பார். ஜெயக்கொடியக்கா இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம், அவளும் கம்பெனிக்குப் போய்விட்டாள். லைன் வீட்டில் பகலில் இருப்பது நானும் தண்ணீர்த் தொட்டியும்தான். திரும்ப அடித்தேன். தன்ஷிகா புரண்டாள், கையை நீட்டித் தடவினாள், மிஷின் நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டதே. எழுந்தால் அழுவாள், அழுதால் போன் சத்தம் கேட்காது. சரி என்று திரும்ப வந்து உட்கார்ந்து, ஊசியில் நூலே இல்லாமல் வெறும் மிஷினை மிதித்தேன். மிதித்தால் அவள் அடங்கிவிட்டாள். வெறும் மிஷின் ஓட்டுவது மிஷினுக்குக் கெடுதல், தெரியும். கொஞ்சம் கிழிந்த துணியைக் கொடுத்தேன் அதற்கு.

ஒண்ணும் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் போன் வந்திருக்கும். ஆனவர் எப்படிப் போன் செய்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்வார்கள். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என் நம்பர் தெரியுமா. ஆரோக்கியத்துக்குத் தெரியும், கூட வேலை செய்கிற தம்பி, தீபாவளிக்கு வந்து முறுக்கு முழுக்கத் தின்றுவிட்டுப் போனான், அவன் நம்பர் என்னிடம் இருக்க வேண்டுமே, இல்லை, அது பழைய போனில். மடியில் ஒரு சாக்காவது கட்டிக்கொள்ளுங்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறேன். தோலில் செய்த மடித்துணி பெரிய கம்பெனியில் கொடுப்பார்கள், குப்புராஜ் அண்ணன் பட்டறையில் அதெல்லாம் எங்கே, ஆனால் சாக்கு கிடக்கிறதே, சிமெண்ட்டுச் சாக்கு இல்லை, நல்ல சணல் சாக்கு, முட்டிக்குக் கீழே மடித்துப் போட்டுக்கொள்கிறார்கள், அதையே நனைத்து இடுப்பில் கட்டினால் என்ன. "வேகுது பிள்ளை, சாக்கைக் கட்டினா அடுப்பு மேல உட்கார்ந்த மாதிரி இருக்குது" என்பார். "ஓட்டை உழுந்தா உழுகட்டும், நீதான் தைக்கறதுக்கு இருக்கறயே" என்பார். நீதான் தைக்கறதுக்கு இருக்கறயே. அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. வேண்டுமென்றே ஓட்டையோடு வருகிறார் என்று ஜெயக்கொடியக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவள், "உனக்கு வேலை குடுக்கோணும்னே நெருப்புல உட்கார்றாரு போல" என்றாள். அவர் வெல்டிங் வைக்கிறதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த நீலத்தைப் பார்க்காதே என்று முகத்தைத் திருப்பச் சொன்னார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சுவரில் அவர் நிழல் பெரிசாக நடுங்கிக்கொண்டே இருந்தது, சத்தம் வடைச்சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. பொறியெல்லாம் தரையில் குதித்து உருண்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து அணைந்தது. அழகாகத்தான் இருந்தது. பண்டிகை மாதிரி இருந்தது எனக்கு.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மூட்டையை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துணியாக நூல் உருவினேன், சாசரை எடுத்து வைத்து, தீக்குச்சி கிழித்து ஒவ்வொன்றாகக் காட்டினேன், ஒரு காலால் மிஷினை மிதித்துக்கொண்டே. பச்சை, உருகிவிட்டது, போ அந்தப் பக்கம். இன்னொரு பச்சை, சாம்பல், நல்லது, இங்கே வா. நீலம், சாம்பல். கறுப்பு, உருகிக் குமிழி விட்டது. வெள்ளை பாதி சாம்பல் பாதி மணி, ரெண்டும் கலந்த துணி, அதை நம்பவே முடியாது, அதுவும் அந்தப் பக்கம். தன்ஷிகாவின் பழைய பாவாடை மஞ்சள், சாம்பல், காகிதம் எரிகிற வாசம், அந்த வாசம் வந்தால் இப்போது நிம்மதியாக இருக்கிறது. நூலையும் பார்க்க வேண்டுமே என்று நூல்கண்டுகளைக் காட்டினால் மகரந்தம் தைத்த மஞ்சள் நூல் பாலி. அதுவும் பாலியா. பூ முழுக்க, இதழிலிருந்து நடு வரைக்கும். சரி, எம்ப்ராய்டரிக்கு வாங்கின காட்டன் கண்டு டப்பா அடியில் இருக்கிறது, ஆரஞ்சு, ரோஸ், மயில்கழுத்து நிறம், காட்டினேன், சாம்பல், சாம்பல், சாம்பல். சாசர் முழுக்க எறும்பு செத்த மாதிரி. இந்த வேலையை நேற்றுச் செய்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். சூடான மணி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன், தொட்டுப் பார்க்கத்தான் தோன்றியது, சுருக்கென்றது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. இது நூல் முனை. அங்கே உள்ளங்கை அகலம். அவர் கட்டிலில் கால் அகட்டிப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், தன்ஷிகா மேலே ஏறப் போனால் கத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தச் சிவப்பு என்னம்மா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், பூங்க சார் என்பேனா.

திரும்ப அடித்தேன். மணி அடித்து அடித்து நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தது, பின்னால் கிரைண்டர் சத்தம், யாரோ கத்தினார்கள், "அலோ, ஆருங்க".

"ஆரோக்கியமா? நான் அக்கா பேசறன். அவர் எங்கே?"

"அண்ணன் வெல்டிங்ல இருக்குதுக்கா. டீ வந்துச்சு, பிஸ்கட் எடுக்கலாம்னு பையைத் தொறந்தேன், போன் கத்துது."

"அவர் காலைப் பாரு. தொடையைப் பாரு தம்பி. என்னமாச்சு ஆயிருக்குதா பாரு."

"தொடையா?" அவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "பூவைக் கேட்கறீங்களா? அதை எங்கக்கா பார்க்கறது, அண்ணன் காட்டவே மாட்டேங்குதே. காத்தால வந்ததும் எல்லாரும் சேர்ந்து, என்னங்க மாப்பிள்ளை, புதுப்பொண்ணுங்களா, மருதாணி வெக்கலீங்களான்னு ஒரு ஓட்டு ஓட்டினோம் பாருங்க. அப்பப் புடிச்சுச் சாக்கைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்ததுதான். டீ குடிக்கறக்குக் கூட அவுக்கல. ஒண்ணுக்குப் போனாக்கூடச் சாக்கோடதான் போகுது."

மிஷின் நின்றது கூடத் தெரியவில்லை. "சாக்கா? நல்ல சணல் சாக்கா?" என்று கேட்டேன், எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அதற்குள் அவரே போனை வாங்கிக்கொண்டார்.

"என்ன பிள்ளை, பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லைங்க. நீங்க அந்தச் சாக்கை அவுக்காதீங்க. ஊட்டுக்கு வர்ற வரைக்கும் அவுக்கப்படாது. அந்தத் துணி பாலிங்க. நான் பார்க்கல. பொறி உழுந்தா உருகி ஒட்டிக்கும்."

கிரைண்டர் சத்தம் தள்ளிப் போனது, ஓரமாக வந்துவிட்டார். அப்புறம், "சாக்குல ஏற்கெனவே நாலஞ்சு பொத்தல் ஆயிருச்சு" என்றார் மெதுவாக. "நனைச்சுத்தான் கட்டியிருக்கறேன். உள்ள ஒண்ணும் போகல." "அவனுக சிரிக்கறானுகன்னுதான் கட்டினேன் மகுடு. பூ நல்லாத்தான் இருக்குது. கோவிச்சுக்காத."

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"அடுத்த பேண்ட்டுக்குப் பூவெல்லாம் வேண்டாம். சும்மா ஒரு ஒட்டுப் போடு, போதும். இந்தச் சாக்குல மனுசன் உட்கார முடியாது, வெந்து போச்சு. நாளைக்கு இதெல்லாம் கட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றேன். வைத்துவிட்டார்.

தன்ஷிகா எழுந்து உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள், நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் அவ்வளவு சரியாகத் தெரியவில்லை. நனைத்த சாக்கில் நாலஞ்சு பொத்தல். அது எல்லாம் பூ மேல் விழ வேண்டியது. ஆனால் சிரித்ததோடு சரி, பூவை ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை என்பதும் மனசில் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன், அஞ்சு இதழுக்கும் அவ்வளவு நெருக்கத் தையல் போட்டேன், முதுகு வலிக்க. நல்லாத்தான் இருக்குது என்று வாசலில் சொல்லிவிட்டுப் போய்ப் பட்டறையில் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டார். மூடட்டும். மூடினதால்தான் கால் பிழைத்தது. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, மடியில் ஒரு பக்கம் உட்காரவைத்துக்கொண்டு பேண்ட்டை இழுத்தேன். சும்மா ஒரு ஒட்டுப் போடு என்கிறார். போடலாம், பழைய ஜீன்ஸ் துண்டை உள்பக்கமாக வைத்து நீல நூலில் தைத்தால் இருக்கிற இடம் தெரியாது, யாரும் சிரிக்க மாட்டார்கள். யாரும் சிரிக்காவிட்டால் சாக்கு கட்ட மாட்டார். நான் வருசக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லிக் கட்டாத சாக்கை, நாலு பேர் சிரித்ததும் கட்டியிருக்கிறார், ஒண்ணுக்குப் போகும்போதுகூட அவிழ்க்காமல். துணியை விரித்து வைத்தேன். இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் எவ்வளவு இடம், ஒரு பூவுக்கு இது அதிகம். சாம்பலான துணிகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தேன், அந்தப் பச்சை, நீலம், பாவாடை மஞ்சள், பக்கத்தில் மயில்கழுத்து நிறக் கண்டு. "அம்மா, அப்பாவுக்கு என்ன பூ?" என்றாள் தன்ஷிகா. பூ இல்லை கண்ணு, மயில், என்றேன். தலை ஜிப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும், கொண்டையோடு. தோகை தொடை முழுக்க விரிந்து முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். ரெண்டு காலிலும்.